திருச்சபை இணையதளத்தைப் பராமரிப்பது எப்படி: சென்னைச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சபைக்கு இணையதளம் தொடங்குவது இன்று பெரிய காரியமன்று. சபையில் கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலராவது இருப்பார்கள். ஒரு மாதத்தில் தளம் தயாராகிவிடும். பிரதிஷ்டைப் பண்டிகை அன்று ஆயர் ஜெபித்து அதைத் திறந்துவைப்பார். சிக்கல் அடுத்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆகஸ்ட் மாதத்திலும் கிறிஸ்துமஸ் கீதப் பவனியின் வழித்தடம் முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றலாகிப் போன ஆயரின் படம் 'நமது ஆயர்' என்ற தலைப்பின்கீழ் அப்படியே இருக்கும். இவற்றைக் கண்டவர், பக்கத்திலேயே சரியாக எழுதப்பட்டிருக்கும் ஆராதனை நேரத்தையும் நம்பமாட்டார். நம்பாதவர் வரவும் மாட்டார். ஆகையால் தளத்தின் அழகைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேசுவதற்கு முன், அதில் உள்ள ஒவ்வொரு நாளும் நேரமும் பெயரும் இன்றைய தேதியில் உண்மையாக இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த ஒன்றை எப்படி உறுதிப்படுத்துவது என்பதைப் பற்றியவையே.

யாருக்காக எழுதுகிறோம்

சபையின் அங்கத்தினர்களுக்கு ஞாயிறு அறிவிப்புகள் இருக்கின்றன. அவை போதாவிட்டால் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆராதனை எத்தனை மணிக்கு என்பதை அறிய அவர்கள் தளத்தைத் திறப்பதில்லை. திறப்பவர்கள் வேறு ஆட்கள். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து வேளச்சேரியில் மகளிர் விடுதியில் தங்கியிருக்கும் செவிலியர், சனிக்கிழமை இரவு பணி முடித்து வந்து மறுநாள் காலை எந்த ஆலயத்துக்குப் போகலாம் என்று தேடுகிறார். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தகப்பனாரைச் சேர்த்திருக்கும் வெளியூர்க் குடும்பம், நடந்து போகும் தூரத்தில் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று பார்க்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குத் திருமணத்துக்காகத் தம்முடைய ஞானஸ்நானச் சான்று தேவைப்படுகிறது. முந்தின இரவு வீட்டில் ஒரு மரணம் நேர்ந்திருக்கிறது. அடக்க ஆராதனைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேரன் கைபேசியில் தேடுகிறான்.

இவர்களில் ஒருவருக்கும் கமிட்டி உறுப்பினர்களின் படவரிசை தேவையில்லை. நேரம், மொழி, இடம், நுழைவாயில், தொடர்பு எண் ஆகியவையே தேவை. பல சபைகளின் முகப்பில் பேராயரின் வாழ்த்துச் செய்தி, ஆயரின் வாழ்த்துச் செய்தி, செயலரின் வாழ்த்துச் செய்தி எல்லாம் கடந்த பிறகுதான் ஆராதனை நேரம் வருகிறது. மரியாதையின் வரிசை அதுதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாழ்த்துச் செய்திகளுக்குத் தனிப் பக்கம் கொடுத்துவிட்டால் மரியாதையும் குறையாது, தேடி வந்தவரும் திரும்பிப் போகமாட்டார்.

முகப்பும் அதன் முதல் திரையும்

கைபேசியில் தளம் திறந்ததும், விரலால் நகர்த்தாமலே தெரியும் பகுதியில் பின்வருவதைப் போன்ற ஓர் அறிவிப்பு இருந்தால் போதும்: "ஞாயிறு ஆராதனைகள்: காலை 6.30 மணி, ஆங்கிலம், காலை 8.30 மணி, தமிழ், மாலை 6.00 மணி, தமிழ். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லா ஆராதனைகளிலும் திருவிருந்து உண்டு. இவ்விவரம் சரிபார்க்கப்பட்ட நாள்: 2026 ஜூன் 6, சனிக்கிழமை." இதில் கடைசி வரியை எந்தச் சபையும் எழுதுவதில்லை, ஆனால் முன்பின் தெரியாதவருக்கு நம்பிக்கை தருவது அந்த வரிதான். 'காலை', 'மாலை' என்ற சொற்களை விட்டுவிட்டு '6.30 மணி' என்று மட்டும் எழுதினால், ஆங்கில ஆராதனைக்குக் காலையில் வர வேண்டியவர் மாலையில் வந்து நிற்பார். ஐந்தாம் ஞாயிறன்று எல்லா ஆராதனைகளையும் ஒன்றாக்கி நடத்தும் வழக்கம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளில் வார நாள் திருப்பலி, செவ்வாய் அல்லது சனிக்கிழமை நவநாள், ஒப்புரவு அருளடையாள நேரம் ஆகியவையும் இதே இடத்தில் வர வேண்டியவை.

இந்த விவரம் எழுத்தாக இருக்க வேண்டும். படமாக இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்புக்காகச் செய்த போஸ்டரை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் போஸ்டரில் மேலே ஆயரம்மாவுடன் ஆயர், நடுவே சிறப்புச் செய்தியாளர், சுற்றிலும் பூக்கள். நேரமும் இடமும் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் இருக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை; பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புச் செயலிக்கு அது வெறும் படம்; அதில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது. போஸ்டர் இருக்கட்டும், அதன் கீழே அதே விவரம் நான்கு வரிகளில் எழுத்தாகவும் இருக்கட்டும்.

தொலைபேசி எண் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சபைகள் அலுவலகத்தின் தரைவழி எண்ணைப் போட்டிருக்கும். ஆயரின் ஓய்வு நாளான திங்கட்கிழமை அதை எடுக்க ஆள் இருக்கமாட்டார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலுவலக நேரத்தையும் விடுமுறை நாளையும் எழுத வேண்டும். அவசரத்துக்கென ஒரு கைபேசி எண் வேண்டும். அது ஆளோடு மாறிப்போகாமல் சபையின் பெயரில் வாங்கியதாக இருப்பது நல்லது.

இடத்தைச் சொல்லும் விதம்

சென்னையின் பழைய ஆலயங்களில் பலவற்றுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. பெரிய சாலையைப் பார்த்த வாயில் ஞாயிறு மட்டும் திறந்திருக்கும். மற்ற நாட்களில் பின்தெரு வழியாகத்தான் வர வேண்டும். வரைபடத்தில் எவரோ குத்திய குறி பெரும்பாலும் மூடிய வாயிலில்தான் இருக்கும், ஆட்டோக்காரர் அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஆகவே கூகுள் வரைபடத்தில் சபையைப் பற்றி வரும் பதிவான கூகுள் வணிகப் பக்கத்தைச் சபையே உரிமைகோரிப் பெற்று, குறியைச் சரியான வாயிலுக்கு நகர்த்தி, சபையின் பெயரில் வேறு எவராவது உண்டாக்கிய இரட்டைப் பதிவுகள் இருந்தால் அவற்றை இணைக்கும்படி கோர வேண்டும். வெளியாட்களில் பலர் தளத்துக்கு வராமலே அந்தப் பதிவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்பதால், பண்டிகை நாட்களின் சிறப்பு நேரங்களை அதிலும் ஏற்ற வேண்டும். சபையின் பெயரையும் பகுதியின் பெயரையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தளத்தில் எழுதிவைப்பது அவசியம். தமிழ் ஆராதனையைத் தேடுபவர்கூட ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறார்.

வழி சொல்லும்போது அருகில் உள்ள மெட்ரோ நிலையம், மின்ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் பெயர்களைத் தர வேண்டும். சின்னமலைத் திருத்தலத்துக்கு அதே பெயரில் ஒரு மெட்ரோ நிலையம் வாய்த்திருக்கிறது. எல்லா ஆலயங்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் சாலைகள் ஒருவழியாக்கப்பட்டும் நிறுத்தங்கள் இடம் மாற்றப்பட்டும் இருப்பதால், வழிகாட்டும் பக்கத்தை ஒருமுறை எழுதி மறந்துவிட முடியாது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணித் திருத்தலத்தின் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கிறது. அந்த நாட்களில் அப்பகுதியில் உள்ள எந்தச் சபையாக இருந்தாலும் வண்டி நிறுத்துமிடம் பற்றி ஒரு வரி சேர்ப்பது வருபவர்களுக்கு உதவியாக இருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் இது பொருந்தும். புத்தாண்டு இரவில் கடற்கரைச் சாலைகளில் போக்குவரத்துக் காவல்துறை செய்யும் மாற்றங்களைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

சனிக்கிழமை வேலை

தளத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஒரு கிழமை நிர்ணயிக்காவிட்டால் அது நடக்காது. ஞாயிறு அறிவிப்புத் தாளோ வாராந்தர மடலோ அச்சுக்குப் போகும் அதே எழுத்துப் பிரதி வெள்ளிக்கிழமை மாலை தளப் பொறுப்பாளருக்கும் போக வேண்டும். சனிக்கிழமை நண்பகலுக்குள் தளம் மாற வேண்டும். சனிக்கிழமை இரவுதான் மக்கள் தேடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், ஞாயிறு மதியம் புதுப்பிப்பதில் பயனில்லை என்பது விளங்கும். பொறுப்பாளர் ஒருவர், அவர் ஊரில் இல்லாதபோது செய்ய இன்னொருவர் என இரண்டு பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை இருந்தால் போதும். கமிட்டியில் உள்ள அனைவருக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், எல்லாரும் செய்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள்.

ஒவ்வோர் அறிவிப்பையும் ஏற்றும்போதே அதை நீக்க வேண்டிய நாளையும் குறித்துவிட வேண்டும். குறிப்பிட்ட நாளில் தானாகவே மறையும்படி செய்யும் வசதி, தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் நீட்சிகளில், அதாவது அதோடு சேர்க்கும் துணை நிரல்களில், கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் பொறுப்பாளரின் கைபேசி நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போதும். 'வருகிற ஞாயிறு', 'அடுத்த வெள்ளி' என்று எழுதாமல் தேதியையும் ஆண்டையும் முழுமையாக எழுத வேண்டும். படிப்பவர் எந்த வாரத்தில் படிக்கிறார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது.

திருச்சபை நாட்காட்டியில் அசையும் பண்டிகைகள் இருப்பதால் சென்ற ஆண்டின் பக்கத்தை நகலெடுத்து ஆண்டை மட்டும் மாற்றுவது ஆபத்து. 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 5. 2027இல் அவை முறையே பிப்ரவரி 10, மார்ச் 28. லெந்துகாலத் தியானக் கூட்டங்கள், குருத்தோலை பவனி, பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை எல்லாம் இவற்றோடு நகர்பவை. ஆண்டின் தொடக்கத்திலேயே இந்தத் தேதிகளைத் தளத்தில் ஏற்றிவிட்டால், வெளியூரில் இருப்பவர்கள் ரயில் பயணச்சீட்டு எடுக்கும் முன் பார்த்துக்கொள்வார்கள்.

மழைக்காலத்துக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை முடக்கியபோது, அந்த 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதுவும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இத்தகைய நாளில் ஆராதனை உண்டா, இல்லையா, நேரலை மட்டுமா என்பதை முகப்பின் உச்சியில் ஒரே வரியில் போட, அலுவலகக் கணினிக்குப் போகாமல் கைபேசியிலிருந்தே இயலும்படி முன்கூட்டியே பழகிவைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல், இணைய இணைப்பும் திக்கித் திணறும் அந்த வேளையில், முகப்பில் பத்துப் பெரிய படங்கள் சுழன்றுகொண்டிருந்தால் அந்த ஒரு வரி எவருக்கும் போய்ச் சேராது. கைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் அளவில் இருக்கும். அதைச் சுருக்கி, வெப்பி (WebP) போன்ற அளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, சில நூறு கிலோபைட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஏற்ற வேண்டும்.

தமிழ் எழுத்து

சபைகளின் மடல்களை அச்சிடும் அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் தட்டச்சு செய்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால், வாசகரின் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். காரணம், அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கருவியில் மூல ஆங்கில எழுத்தே வெளிப்பட்டுவிடுகிறது. தளத்துக்கு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு தமிழ் மட்டுமே வேண்டும். பழைய மடல்களை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒற்று, கிரந்த எழுத்துகள், எண்கள் ஆகியவற்றை ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் இடங்களில் பிழை நேர வாய்ப்பு அதிகம்.

மடலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கைபேசியில் அதைப் பெரிதாக்கி, இடவலமாக நகர்த்தி, வரி வரியாகப் படிக்கும் பொறுமை முதியவர்களுக்கு இல்லை. இளையவர்களுக்கு அதைவிட இல்லை. அறிவிப்புகளைப் பக்கத்தில் எழுத்தாகவே தந்துவிட்டு, காப்பகத்துக்காக வேண்டுமானால் கோப்பையும் சேர்க்கலாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். தமிழில் மேலும் கீழும் கொம்புகளும் சுழிகளும் இருப்பதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இடம் விட வேண்டும். இரு ஓரங்களையும் நேராக்கும் முறையைத் தவிர்க்க வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமைகளில்' போன்ற நீண்ட சொற்கள் கைபேசித் திரையில் அடுத்தடுத்து வந்தால் வரியின் நடுவே பெரிய ஓட்டைகள் விழும். ஊதா நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்து லெந்துகாலத்துக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் பெரியவரால் படிக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும். பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான உலக நெறிமுறை. அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

சான்றுகள், திருமணம், அடக்கம்

ஆண்டு முழுவதும் தேடப்படும் பக்கம் இதுதான், பல தளங்களில் இல்லாததும் இதுதான். ஞானஸ்நானச் சான்றின் நகலைப் பெற எந்த விவரங்கள் வேண்டும், ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது, நேரில் வர இயலாதவர் யாருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பனவற்றை எழுதிவிட்டால் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறையும். திருமணத்துக்கு மூன்று ஞாயிறுகளில் அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும் என்ற நடைமுறை உள்ள சபைகளில், மணநாளுக்கு எத்தனை வாரங்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, பொதுவாகத் திருமணம் நடத்தப்படாத லெந்துகாலத்தில் அந்தத் தேதி வருவதை அறிந்து தவிக்கும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மற்ற சபையிலிருந்து வரும் மணமக்கள் அங்கிருந்து வாங்கி வர வேண்டிய ஆயரின் கடிதத்தைப் பற்றியும் குறிப்பிட வேண்டும்.

அடக்க ஆராதனை பற்றிய பக்கம் சுருக்கமாகவும் சாந்தமான நடையிலும் இருக்க வேண்டும். முதலில் அழைக்க வேண்டிய எண். அடுத்து, மருத்துவர் தரும் இறப்புச் சான்று முதலாகக் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள். குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீது. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களை மெட்ராஸ் செமட்டரீஸ் போர்டு நிர்வகிக்கிறது. அங்கே அடக்கம் செய்வதற்கான அனுமதி சபையிடம் அன்றி அந்த அலுவலகத்திடம் பெறப்பட வேண்டும் என்பது இளைய தலைமுறைக்குத் தெரிவதில்லை. சந்தா பாக்கி பற்றிய விதியை இந்தப் பக்கத்தின் முதல் வரியாக வைத்திருக்கும் தளத்தையும் பார்த்திருக்கிறேன். விதி இருக்கலாம்; அதைச் சொல்ல அது இடமன்று.

வெளியிடக் கூடாதவை

நிறையச் சபைகள் குடும்ப விவரக் கையேட்டை, அதாவது ஒவ்வொரு குடும்பத்தின் முகவரி, கைபேசி எண், பிறந்த நாள், மணநாள், இரத்த வகை எல்லாம் அடங்கிய புத்தகத்தை, அங்கத்தினரின் வசதிக்காகப் பிடிஎஃப் கோப்பாகத் தளத்தில் ஏற்றிவைத்திருக்கின்றன. முகப்பில் இணைப்பு தராவிட்டாலும், வேறெங்காவது அதற்கு ஓர் இணைப்பு இருந்தால் தேடுபொறி அதைக் கண்டெடுத்துவிடும். தனியாக வாழும் முதிய தாய்மாரின் பெயரும் எண்ணும் மோசடிக்காரர் கையில் போய்ச் சேர இதைவிட எளிய வழி இல்லை. அத்தகைய கோப்பு இருந்தால் இன்றே நீக்கி, தள உரிமையாளருக்கான கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி வழியாகத் தேடல் முடிவுகளிலிருந்தும் அகற்றக் கோர வேண்டும்.

ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றின் படங்களைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஏற்றக் கூடாது. ஒப்புதல் இருந்தாலும் படத்தின் கீழே பிள்ளையின் முழுப்பெயரும் வகுப்பும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஜெப விண்ணப்பங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 'இன்னாரின் மகளுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை வெற்றி பெற' என்று ஆலயத்துக்குள் அன்போடு வாசிக்கப்படுவது, இணையத்தில் ஏறியதும் அந்தப் பெண்ணின் பெயரோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும். விண்ணப்பப் படிவம் வைத்தால், அதை யார் படிப்பார்கள் என்பதைப் படிவத்திலேயே எழுத வேண்டும்.

காணிக்கை

யுபிஐ குறியீட்டுப் படத்தைப் போடும்போது, பணம் அனுப்புபவரின் செயலியில் தோன்ற வேண்டிய கணக்குப் பெயரை அதன் கீழே எழுத்தில் தர வேண்டும். தளத்துக்குள் புகுந்தவர் குறியீட்டை மட்டும் மாற்றிவிட்டால், பெயர் பொருந்தாததைக் கண்டு அனுப்புபவராவது நிறுத்திக்கொள்வார். மாதம் ஒரு முறை பொருளாளர் தம் கைபேசியிலிருந்து பத்து ரூபாய் அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். தனி ஒருவரின் கணக்கு எண்ணைத் தற்காலிகமாகக்கூடத் தளத்தில் போடக் கூடாது.

வெளிநாட்டுக் காணிக்கையில் சட்டம் கடுமையானது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அத்தகைய நிதியைப் பெறக் கூடாது; பதிவோ அனுமதியோ இருந்தாலும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கெனத் திறந்த கணக்கிலேயே அது வந்து சேர வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவராக இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. எனவே காணிக்கைப் பக்கத்தில் 'இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். வருமான வரிச் சலுகை பற்றித் தணிக்கையாளரைக் கேட்காமல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.

பாடல்களும் நேரலையும்

ஆராதனையில் ஒரு பாடலைப் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே பாடலின் வரிகளைத் தளத்தில் ஏற்றுவதும், வெளியான ஒலிப்பதிவைக் காணொளிக்குப் பின்னணியாக்குவதும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பாடல்களுக்குத் தடையில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைத் தாராளமாக வெளியிடலாம். இன்றைய ஊழியர்களின் பாடல்களுக்கு அனுமதி கேட்க வேண்டும். நேரலைப் பதிவை முழுதாக விட்டுவைப்பதோடு, செய்தி தொடங்கும் நிமிடத்தைக் குறித்துவைத்தால் கேட்பவர்கள் பெருகுவார்கள். தலைப்பில் தேதியும் வேதபகுதியும் செய்தியாளர் பெயரும் போதும்.

சபை வரலாற்றுப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கல்லையும் பதிவேட்டையும் பார்த்து ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் அது அப்படியே இருக்கும். கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்துக்கு 1680ஆம் ஆண்டும், புனித ஜார்ஜ் பேராலயத்துக்குத் தென்னிந்தியத் திருச்சபை அங்கே உதயமான 1947 செப்டம்பர் 27ஆம் நாளும் இருப்பதுபோல் ஒவ்வொரு சபைக்கும் சொல்ல ஒரு நாள் இருக்கும். அது செவிவழிச் செய்தியாக இல்லாமல் ஆவணத்தோடு இருக்க வேண்டும்.

பெயர், சாவி, பூட்டு

தளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கமிட்டியில் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். தளத்தைத் தொடங்கிய தம்பி தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். பிறகு அவருக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கும். புதுப்பிப்பு அறிவிப்புகள் அவர் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். காலாவதியான பின்னும் மீட்க அவகாசம் உண்டு, ஆனால் அதற்கான கட்டணம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. அந்த அவகாசமும் தவறினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நேற்றுவரை ஞாயிறு ஆராதனை நேரம் தந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்க்க நேரிடும். பதிவு சபையின் பெயரிலும், செயலர் என்ற பொறுப்புக்கு உரிய மின்னஞ்சலிலும், சபையின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகும்படியும் இருக்க வேண்டும். ஒரே முறையில் பல ஆண்டுகளுக்குக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

வேர்ட்பிரஸ், அதன் நீட்சிகள், வடிவமைப்பு ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்; பயன்படாத நீட்சிகளை நிறுத்திவைப்பது போதாது, நீக்கிவிட வேண்டும். தளம் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே ஜப்பானிய மொழியில் போலிக் கடைப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்திருப்பது உண்டு. கூகுளில் சபையின் முகவரிக்குள் மட்டும் தேடிப் பார்த்தால் அவை வெளிப்படும். தள முகவரி https என்று தொடங்குவதற்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அதன் ஆயுள் 90 நாட்கள் வரைதான் என்பதால், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தின் பிரதியைத் தளம் இருக்கும் சேவையகத்திலேயே வைத்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். வேறிடத்தில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயர் மாறும்போதும் கமிட்டி மாறும்போதும் பதிவேடுகளையும் சாவிக்கொத்தையும் ஒப்படைப்பதைப் போலவே தளத்தின் பதிவு விவரம், நுழைவுச் சொற்கள், யூடியூப், கூகுள் பக்க உரிமைகள் ஆகியவற்றையும் எழுதி, கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். அன்றே கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பழைய ஆயரின் பக்கத்தை நீக்காமல் 'முன்னாள் ஆயர்கள்' பட்டியலுக்கு நகர்த்தினால் எவருக்கும் மனக்கசப்பு இருக்காது.

இவ்வளவையும் செய்ய ஆள் இல்லாத சிறிய சபைகள் உண்டு. அவை முப்பது பக்கத் தளத்தைப் பாதி உயிரோடு வைத்திருப்பதைவிட, ஆராதனை நேரம், மொழி, வரைபடம், இரண்டு தொலைபேசி எண்கள், சான்றுகளுக்கான விவரம் ஆகியவை மட்டும் கொண்ட ஒரே பக்கமாகச் சுருக்கிக்கொள்வது மேல். பழைய பக்கங்களின் பிரதியை அலுவலகத்தில் சேமித்துவிட்டு, அவற்றின் முகவரிகள் எல்லாம் இந்த ஒரு பக்கத்துக்கே வந்து சேரும்படி திருப்பிவிட்டால், எப்போதோ எவரோ பகிர்ந்த இணைப்பைத் தொடுபவரும் ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்பதைத் தெரிந்துகொள்வார்.